பதினோர் ஆண்டு நடந்த மூன்றாண்டுப் போர்

(பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு)

கொரியாப் போர் 1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் தொடங்கி, 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. மூன்று ஆண்டும் ஒரு மாதமும் என்பது சரித்திரப் புத்தகத்தின் கணக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியிலோ அதே போர் 1972 செப்டம்பர் 17 அன்று தொடங்கி 1983 பிப்ரவரி 28 அன்றுதான் முடிந்தது. வாரம் ஒன்றாக 250க்கும் மேற்பட்ட பகுதிகள் ஒளிபரப்பாயின. உண்மைப் போரை வாரக் கணக்கில் வகுத்துப் பார்த்தோம். 161 வாரந்தான் வருகிறது. ஆக, போரை விடப் போரைப் பற்றிய கதை நீண்டுவிட்டது!

அந்தத் தொடரின் பெயர் 'மாஷ்'. நடமாடும் இராணுவ அறுவை மருத்துவமனை என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிடைக்கும் பெயர் அது. போர்முனைக்கு அருகே கூடாரம் அடித்து, ஹெலிகாப்டரிலும் வண்டியிலும் வந்து சேரும் காயம்பட்ட வீரர்களுக்கு அங்கேயே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள், செவிலியர், முகாம் எழுத்தர், ஒரு கத்தோலிக்கக் குரு ஆகியோரின் கதை. கொரியாவில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் 1968இல் வெளியிட்ட நாவல், 1970இல் திரைப்படமாகி, பின்பு தொடராயிற்று. விலா நோகச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, நினையாத நேரத்தில் தொண்டையை அடைக்கச் செய்துவிடும். கடைசிப் பகுதியை அமெரிக்காவில் ஒரே இரவில் 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மருத்துவர்கள் கூடாரத்திலேயே சாராயம் காய்ச்சுவதும் செவிலியரைச் சுற்றி வருவதும் சில பகுதிகளில் உண்டு. அவற்றையெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஓட்டித் தள்ளிவிட்டார்கள். ஆகையால் மதிப்பிற்குரிய அருட்சகோதரிகள் கவலைப்பட வேண்டியதில்லை.

இத்தொடரில் உள்ள தவறுகளைத் தேடிப் பிடிப்பது உலகெங்கும் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. எங்களுக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் இவ்விஷயத்தில் இருவகையான பேச்சு நம் காதில் விழுகிறது. "கதைதானே, கதையில் என்ன தேதியும் கிழமையும்?" என்பார் ஒரு சாரார். "இவ்வளவு பணம் போட்டு எடுத்தும் இப்படியா!" என்று கைகொட்டிச் சிரிப்பார் மறுசாரார். இரண்டிலும் எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. எல்லாத் தவறும் ஒரே நிறை அல்ல. யாரும் பட்டியலில் சேர்க்காத தவறுகளும் இருக்கின்றன. அவையே கனமானவை என்பது எங்கள் எண்ணம்.

முதலில் எல்லாரும் சொல்லிச் சிரிப்பவற்றைப் பார்ப்போம். முகாமின் இரண்டாவது தலைவர் கர்னல் பாட்டர். அவர் 1952 செப்டம்பர் 19 அன்று வந்து சேர்ந்தார் என்று தொடரே தேதி போட்டுச் சொல்கிறது. பல ஆண்டு கழித்து, 1980 டிசம்பரில் வந்த ஒரு பகுதி, 1950ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கி 1951ஆம் ஆண்டின் கடைசி இரவில் முடிகிறது. அதில் முகாமின் நடுவே கம்பீரமாக நிற்பவர் யார்? அதே கர்னல் பாட்டர்தான்! அவருக்கும் பின்னால் வந்து சேர்ந்த வின்செஸ்டர் என்ற மருத்துவரும் கூடவே இருக்கிறார். வருவதற்கு முன்பே வந்துவிட்ட இவர்களை எந்த வருகைப் பதிவேட்டில் எழுதுவது?

பாட்டரைப் பற்றி இன்னொரு வேடிக்கை உண்டு. அவராக நடித்த ஹாரி மார்கன், அதற்கு முந்தைய ஆண்டே, 1974இல், வேறொரு பாத்திரமாக அதே முகாமுக்கு வந்து போயிருந்தார். அப்போது அவர் சித்தம் கலங்கிய ஒரு ஜெனரல். அந்த நடிப்பு மிக நன்றாக இருந்ததனாலேயே பிறகு நிரந்தரமான வேடம் கொடுத்தார்கள். ஆனால் முகாமில் இருப்பவர்களில் ஒருவராவது, "ஐயா, உங்களை எங்கோ பார்த்தாற்போல் இருக்கிறதே" என்று கேட்க வேண்டாமா? முதல் தலைவர் ஹென்றி பிளேக்கின் மனைவிக்குத் தொடக்கத்தில் மில்ட்ரெட் என்று பெயர். போகப் போக அவர் லொரேன் ஆகிவிட்டார். மில்ட்ரெட் என்ற பெயர் வீணாகவில்லை. அடுத்து வந்த பாட்டரின் மனைவிக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள்! நமது மாண்புமிகு குருவானவர் மல்கேஹியோ முதல் பகுதியில் ஒரு முகம், பிறகு வேறு முகம். அங்கே ஜார்ஜ் மார்கன், அதற்குப் பின் வில்லியம் கிறிஸ்டஃபர்.

இவற்றுக்கெல்லாம் நாங்கள் சிரித்தோம். ஆனால் கதாநாயகன் ஹாக்கை பியர்ஸின் வீட்டு விஷயத்தில் எங்களால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. ஹாக்கை தன் தந்தைக்குக் கடிதம் எழுதுவதாகவே சில பகுதிகள் அமைந்துள்ளன. தொடக்கக் காலத்தில் அவனுக்குத் தாய் உண்டு, ஒரு சகோதரியும் உண்டு. வீடு வெர்மான்ட் மாநிலத்தில். பின்னால் வந்த ஆண்டுகளில் அவன் மெய்ன் மாநிலத்துக் கடலோர ஊர்க்காரன், ஒரே பிள்ளை, தாயோ அவனுக்குப் பத்து வயதாகும்போதே இறந்து போனவர். வெர்மான்டுக்குக் கடலே இல்லை என்பதைப் பூகோளப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஊர் மாறியதை மன்னித்துவிடலாம். ஒரு தாயையும் ஒரு சகோதரியையும் ஓசையில்லாமல் அழித்துவிட்டார்களே, அதைத்தான் எளிதில் விழுங்க முடியவில்லை.

எங்களில் சிலர் இங்கே வாதிட்டார்கள். தாயில்லாத ஹாக்கை, தந்தை ஒருவரே உலகம் என்றிருக்கும் ஹாக்கை, முன்னைய ஹாக்கையை விட ஆழமானவன். தந்தைக்கு அறுவை சிகிச்சை என்று தெரிந்து அவன் தவிக்கும் பகுதி, ஒரு தாயும் தங்கையும் ஊரில் பார்த்துக்கொள்ள இருந்தால் அந்த அளவுக்கு நெஞ்சைத் தொட்டிருக்காது. கதாசிரியர்கள் நல்ல கதைக்காகப் பழைய தவற்றைச் சுமந்துகொண்டார்கள் என்று சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் முதல் பருவத்துக் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பத்தாம் பருவத்துக்குப் போகிறவருக்கு, இடையில் ஒரு வீட்டில் சாவு விழுந்து நமக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்பதைப் போல இருக்கிறது.

இப்படி ஏன் நேர்கிறது? ஒரு தொடரை ஒருவர் உட்கார்ந்து எழுதுவதில்லை. எழுதுவோர் பலர். ஆண்டுக்கு ஆண்டு சிலர் போவர், சிலர் வருவர். இத்தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் என்பவரே நான்கு பருவங்களோடு விலகிவிட்டார். படப்பிடிப்பும் கதை வரிசையில் நடப்பதில்லை. ஒரே இடத்தில் நிகழும் காட்சிகளையெல்லாம் சேர்த்து எடுத்து, பின்பு வெட்டி ஒட்டுகிறார்கள். சட்டைப் பொத்தான் போட்டிருந்ததா, கோப்பையில் காப்பி எவ்வளவு இருந்தது, கட்டு எந்தக் கையில் என்று குறித்து வைப்பதற்கென்றே ஒருவர் கையில் ஏட்டோடு நிற்பார். அவர் அந்தக் காட்சிக்குக் காவல். ஆறு ஆண்டுக்கு முன் எழுதிய கடிதத்துக்கு அவர் என்ன செய்வார்? மேலும் அந்தக் காலத்தில் ஒருமுறை ஒளிபரப்பாகிவிட்டால் மறு ஒளிபரப்பில் பார்த்தால்தான் உண்டு. நாங்கள் இன்று செய்வதுபோல் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்துத் தவறு கண்டுபிடிக்கும் மாணவிகள் வருவார்கள் என்று 1972இல் யார் நினைத்தார்கள்? ஒரே மாலையில் நடக்கும் நம் ஆண்டு விழா நாடகத்தில் ஏரோது மன்னன் கைக்கடிகாரத்தோடு அரியணை ஏறியதை மறந்துவிட்டு, பதினோர் ஆண்டு ஓடிய தொடரை நாம் குறை சொல்வது கொஞ்சம் அதிகந்தான். (ஏரோது யார் என்று கேட்காதீர்கள். அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள்; எங்களை விட உயரம்.)

இனிக் கண்ணுக்குத் தெரியும் சில தவறுகள். எழுத்தர் ராடார் 'அவெஞ்சர்ஸ்' என்ற படக்கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்குகிறான். அந்தப் படக்கதை பிறந்ததே 1963இல். ஆண்களின் தலைமுடி 1950களின் இராணுவ முடி அல்ல, 1970களின் முடி. நாயகனாக நடித்த ஆலன் ஆல்டாவுக்குத் தொடக்கத்தில் 36 வயது, முடிவில் 47. மூன்றாண்டுப் போரில் தலை அப்படி நரைக்குமா என்று கேட்டால், போர் செய்யும் வேலை அது என்று யாராவது பதில் சொல்லக்கூடும்.

கொரியாவின் மலைகளாக நாம் காண்பவை கலிஃபோர்னியாவில் மாலிபு என்ற இடத்துக்கு அருகிலுள்ள மலைகள். கொரியாவின் குளிர் எலும்பைத் துளைக்கும். மாலிபு வெயிலோ நம் ஊர் வெயிலுக்கு உறவு. இதைப் பற்றி, கதாசிரியர்களில் ஒருவரான கென் லெவைன் பின்னாளில் ஒரு ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். ஒரு சமயம் நடிகர்கள் வசனத்தில் அற்பக் குறைகளை அடுக்கிக்கொண்டே போனார்களாம். கதாசிரியர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் போய், அந்தக் கதையைக் கடுங்குளிரில் நடப்பதாக மாற்றி எழுதிவிட்டார்கள்! கொளுத்தும் வெயிலில், கனத்த குளிர் அங்கியைப் போட்டுக்கொண்டு, எரிகிற நெருப்பைச் சுற்றி நின்று, நடிகர்கள் கைகளைத் தேய்த்து நடுங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அற்பக் குறை வரவில்லை என்கிறார். அப்பகுதியில் நெற்றியில் வியர்வை தெரிந்தால், அது யார் தவறு என்று எழுதுவது?

தவறு என்று சிலர் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. ராடாராக நடித்த கேரி பர்காஃபுக்குப் பிறவியிலேயே இடக்கையில் மூன்று விரல்கள் சிறுத்திருந்தன. ஆதலால் படம் முழுவதும் அந்தக் கையில் ஒரு அட்டையும் காகிதமும் இருக்கும், அல்லது கை எதற்கோ பின்னால் மறைந்திருக்கும். எப்போதாவது ஒரு கணம் தெரிந்துவிடும். "அப்படிப்பட்ட கை உள்ளவரை இராணுவத்தில் எடுத்திருக்க மாட்டார்களே" என்று அதையும் பிழைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். இராணுவ விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் ஒரு மனிதர் இத்தனை ஆண்டு ஒரு கையை மறைத்துக்கொண்டு அத்தனை நன்றாக நடித்திருக்கிறார். அவர் மறைத்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடிப்பது எங்களுக்குக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றவில்லை. மறைக்க வேண்டும் என்று யார் நினைத்தார்களோ அவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்பாராமல் நேர்ந்ததை அப்படியே வைத்துக்கொண்டு பெருமை பெற்ற இடங்களும் உண்டு. 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், முதல் தலைவர் ஹென்றி பிளேக் விடுதலை பெற்று ஊருக்குப் புறப்படுகிறார். எல்லாரும் கண்ணீரும் சிரிப்புமாக வழியனுப்புகிறார்கள். கடைசிக் காட்சியில் அறுவைக் கூடத்துக்குள் ராடார் வந்து, அவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று அறிவிக்கிறான். இந்தக் கடைசிப் பக்கத்தை நடிகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்காமல், படமெடுக்கும் வேளையில்தான் காட்டினார்கள்; முன்பே அறிந்திருந்தவர் ஆல்டா. காட்சியை இரண்டாம் முறை எடுக்கும்போது, எல்லாரும் பேச்சற்று நிற்கையில், யார் கையிலிருந்தோ ஒரு கருவி தவறித் தரையில் விழுந்து 'டங்' என்று ஒலித்தது. வேறொரு தொடராக இருந்தால் "இன்னொரு முறை எடுங்கள்" என்றிருப்பார்கள். இங்கே அந்த ஓசையை வைத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் வேறு அழுகுரல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சொல்ல மறந்தோமே, நகைச்சுவைத் தொடர் என்பதால் பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்க வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் கட்டாயப்படுத்தியது. அறுவைக் கூடக் காட்சிகளில் மட்டும் கூடாது என்று தயாரிப்பாளர்கள் மல்லுக்கு நின்று வென்றார்கள். அந்த வெற்றி இல்லாவிட்டால் அந்தக் கருவி விழுந்த ஓசையைக் கேட்டிருக்கவே முடியாது.

இன்னொன்று, 1982 அக்டோபரில் மாலிபு மலையில் காட்டுத்தீ பரவி, வெளிப்புற முகாம் செட்டுகளை எரித்துவிட்டது. இறுதிப் பகுதியின் வேலை நடந்துகொண்டிருந்த சமயம். அழிந்ததை மறுபடி கட்டி ஒன்றும் நேராததுபோல் காட்டவில்லை. குண்டுவீச்சினால் காடு தீப்பிடித்து, முகாம் இடம் பெயர்கிறது என்று கதையிலேயே சேர்த்துவிட்டார்கள். நாம் பார்ப்பது மெய்யாகவே வெந்துபோன இடம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் எங்களை உறுத்தியதைச் சொல்ல முடிகிறது. முதல் பகுதியில் ஹோ-ஜான் என்ற கொரியச் சிறுவன் வருகிறான். மருத்துவர்களின் கூடாரத்தில் எடுபிடி வேலை செய்பவன், படிப்பில் சூட்டிகை. அவனை அமெரிக்காவில் கல்லூரிக்கு அனுப்பப் பணம் திரட்டுவதுதான் முதல் பகுதியின் கதையே. அடுத்து வந்த வாரங்களில் பார்த்தால், அவன் அதே முகாமில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறான்! கல்லூரி என்னவாயிற்று? திரட்டிய பணம் என்னவாயிற்று? ஒரு சொல் இல்லை. பிறகு ஒரு கட்டத்தில் அவன் வருவதே நின்றுபோகிறது. எங்கே போனான் என்று அத்தனை அன்பான ஹாக்கைகூட ஒருமுறையும் கேட்கவில்லை. அதே முதல் பருவத்தில் ஜோன்ஸ் என்ற கறுப்பின மருத்துவர் ஒருவரும் இருந்தார்; அவரும் காணாமல் போனார். கொரியாவில் அப்படிப்பட்ட கறுப்பின அறுவை மருத்துவர்கள் இருந்ததில்லை என்று எண்ணியே நீக்கினார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. உண்மையில் இருந்திருக்கிறார்கள். சரித்திரத்துக்கு உண்மையாக இருப்பதாக நினைத்துச் சரித்திரத்தில் இருந்தவரையே அழித்த கதை இது.

ஹென்றியின் மனைவி பெயர் மாறியதைப் பட்டியலில் முதலில் எழுதுகிறார்கள். ஹோ-ஜானைக் கடைசியில், ஒரு வரியில். எங்களுக்கு வரிசை தலைகீழாகத் தெரிகிறது.

ஹோ-ஜானாக நடித்தவர் கொரியர் அல்லர். பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த பாட்ரிக் அடியார்ட்டே. தொடர் முழுவதும் கொரியராக வருவோரில் பெரும்பாலோர் ஜப்பானிய, சீன வழித்தோன்றல்களான அமெரிக்க நடிகர்கள். சூன்-டெக் ஓ போன்ற உண்மையான கொரியர் ஒருவர் கிடைத்தார் என்றால் அவரையே வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதராக, வட கொரியராகவும் தென் கொரியராகவும் வரவழைத்தார்கள். இதற்கும் ஹாரி மார்கன் இருமுறை வந்ததற்கும் வேறுபாடு உண்டு. மார்கனின் முகத்தை எல்லாரும் அடையாளம் கண்டு சிரித்தார்கள். கொரிய முகத்தை யாரும் அடையாளம் காண மாட்டார்கள் என்ற துணிவிலல்லவா இவர்கள் நடந்துகொண்டார்கள்? நம்மைப் படத்தில் காட்டி, நம் வாயில் தமிழ் அல்லாத ஏதோ ஒன்றைத் தமிழ் என்று வைத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இதற்கு ஒரு பதில் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. தொடர் தொடங்கிய 1972இல் அமெரிக்கப் படைகள் இன்னும் வியட்நாமில் இருந்தன. கொரியா என்று பெயர் சொல்லி, வியட்நாமைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது பார்த்த எவருக்கும் புரியும். முதல் பகுதியின் தொடக்கத்திலேயே 'கொரியா, 1950' என்று போட்டு, அதன் கீழ் நூறு ஆண்டுகளுக்கு முன்பு என்று எழுதிக் காட்டுகிறார்கள். தேதிகள் புரண்டதற்கும் தலைமுடி நீண்டதற்கும் இதுவே பெரிய சமாதானம். அப்போது நேராகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்ன துணிவை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கொரியா ஒரு திரைச்சீலை அல்லவே. அங்கே லட்சக்கணக்கான மக்கள் மெய்யாகவே மாண்டார்கள். ஊர்கள் இரண்டாகப் பிரிந்து, உடன்பிறந்தவர் முகத்தை உடன்பிறந்தவர் பார்க்காமலே முதுமை அடைந்தார்கள். இன்னொரு நாட்டைப் பற்றிப் பேச அவர்களுடைய வீட்டை இரவல் வாங்குகிறவர்கள், வீட்டுக்காரரின் முகத்தையாவது சரியாகக் காட்டியிருக்கலாம்.

முடியாத காரியமும் அன்று. அறுவை சிகிச்சை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக வால்டர் டிஷெல் என்ற மருத்துவரை ஆலோசகராக வைத்திருந்தார்கள். கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களையும் செவிலியரையும் தேடிப் பேசினார்கள். கெல்பார்ட்டும் ஜீன் ரெனால்ட்ஸும் 1974இல் கொரியாவுக்கே போய் வந்தார்கள். அங்கே கேட்ட நிகழ்ச்சிகளைக் கதைகளாக்கினார்கள். அதனால்தான் அறுவைக் கூடக் காட்சிகளில் குறை காண எங்களால் முடியவில்லை. எங்கே அக்கறை காட்டினார்களோ அங்கே தவறு குறைவு.

இந்தப் போரில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டோம். இந்தியா அப்போரில் சண்டையிடப் படை அனுப்பவில்லை. மருத்துவப் படை ஒன்றை அனுப்பியது. லெஃப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் அவர்கள் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் கொரியா சென்றது. சில வாரங்களில் படைகள் பின்வாங்க நேர்ந்தது. ஏற்றிச்செல்ல வண்டி இல்லை; மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வர மனமும் இல்லை. கேட்பாரற்று நின்ற ஒரு நீராவி எஞ்சினைத் தாங்களே கிளப்பி, பெட்டிகளில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அடுத்த மார்ச்சில் அமெரிக்க வீரர்களோடு விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து, இறங்கிய இடத்திலேயே காயம்பட்டோரைக் கவனித்தார்கள். ரங்கராஜ் அவர்களுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பதினோர் ஆண்டு ஓடிய தொடரில் நாங்கள் பார்த்த அளவில் அந்த எஞ்சின் எங்கும் வரவில்லை. இது பிழையா என்று கேட்டால், இல்லை. எல்லாருடைய கதையையும் ஒரு தொடரில் சொல்ல முடியாது. ஆனால் அப்படி ஒரு பகுதி இருந்திருந்தால் ரங்கராஜ் அவர்களாக யாரை நடிக்க வைத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு அவ்வளவு நேரம் சிரிப்பாக நீடிக்கவில்லை.

எங்கள் வகுப்பில் இப்போது இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. சிரித்து விட்டுவிடக்கூடியவை ஒன்றில், விடக்கூடாதவை மற்றொன்றில். முதலாவது நீளமாகவும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கிறது. ஒரே ஒரு பெயர் மட்டும் எதிலும் சேராமல் நிற்கிறது. கடைசிப் பகுதியில் வரும் சூன்-லீ என்ற கொரியப் பெண். பெற்றோரைத் தேடி அலைகிறவள். ஊருக்கு ஓடிப்போவதற்காக ஆண்டுக்கணக்கில் பெண்ணுடை உடுத்திப் பைத்தியம்போல் நடித்த கிளிங்கர், போர் முடிந்தபின் அவளை மணந்துகொண்டு, அவள் பெற்றோரைத் தேடுவதற்காகக் கொரியாவிலேயே தங்கிவிடுகிறான். அத்தனை ஆண்டில் ஒரு கொரியரின் துயரத்துக்காக ஓர் அமெரிக்கன் தன் பயணத்தையே நிறுத்திக்கொண்ட இடம் அது. சூன்-லீயாக நடித்த ரோசலிண்ட் சாவ் சீன வழியினர். "நடிப்பில் குறை உண்டா? கண்ணில் நீர் வந்ததா இல்லையா?" என்று கேட்கிறார்கள் சன்னல் ஓரத்து பெஞ்சுக்காரர்கள். "ஹோ-ஜானுக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்ல வேண்டும்" என்கிறார்கள் சுவர் ஓரத்தார். இரண்டு வாரமாக இந்த வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது என்று ஆசிரியை சொல்லிவிட்டபடியால், பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.